மூணு ஆட்டுக் காசு

செல்வதுரை தன் மச்சினன் சாம்ராஜுக்குத் தர வேண்டியிருந்தது ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். மூன்று ஆடு விற்ற காசு. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. அடுப்படிக்குப் போகிற வழியில் சுவரில் கரித்துண்டால் 1340 என்று எழுதியிருந்ததுதான் பத்திரம். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவன் பெஞ்சாதி சவுந்தரம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பாள். எண் மறைந்து போகும். சுண்ணாம்பு காய்ந்த மறுநாளே செல்வதுரை அதே இடத்தில் திரும்ப எழுதிவிடுவான். எண்பத்தேழிலிருந்து எட்டு வருஷமாக இதே கதைதான்.

காசு இல்லாமல் இல்லை. தகரப்பெட்டியில் வேதாகமத்துக்கு அடியில் கட்டுக் கலையாமல் இருந்தது. வாங்க வேண்டியவன் வாங்க மாட்டேன் என்றான். அதுதான் விவகாரம்.

நரிக்குடிக்குத் தெக்கே வேப்பங்குளம். வானம் பார்த்த பூமி. பெய்தால் கம்பும் சோளமும், பெய்யாவிட்டால் கருவேல மரம். பெய்யாத வருஷம்தான் அதிகம். மரத்தை வெட்டி அடுக்கி, வைக்கோல் போட்டு மண்ணைப் பூசி மூடி, நெருப்பு வைத்தால் ஏழெட்டு நாள் உள்ளுக்குள்ளேயே புகைந்து கரியாகும். அந்த மூட்டத்தைப் பிரித்து, சாக்கில் அள்ளி, லாரியில் ஏற்றுகிற லோடுமேன் வேலை செல்வதுரைக்கு. சாம்ராஜுக்கும் அதே வேலை. ஊரில் இளவட்டம் பாதிப்பேருக்கு அதே வேலை. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்தாலும் காது மடிப்பில் கரி இருக்கும்.

அந்தப் பயல்களை வைத்துத்தான் செல்வதுரை புட்பால் டீம் கட்டினான்.

பதினாறு வயதிலிருந்து ஆறு வருஷம் அவன் மதுரையில் ஒரு காலேஜ் கிரவுண்டில் வேலை பார்த்தவன். கோடு போட சுண்ணாம்பு கரைப்பது, பந்துக்குக் காற்று அடிப்பது, வலையைக் கட்டுவது. கோச் பயல்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறதை எல்லாம் கோட்டுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பான். அப்பன் செத்துப்போக, ஊருக்கு வந்து கரிச்சாக்கைத் தூக்கினான். கேட்டது மட்டும் மறக்கவில்லை.

வற்றின கண்மாய்தான் கிரவுண்டு. கரம்பை மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஓங்கி அடித்தால் பந்து வெடிப்பில் பட்டு எங்கேயோ துள்ளும். அதனால் தரையோடு தரையாக, உள்பாதத்தால் தள்ளித்தான் கொடுக்க வேண்டும். "காலத் தூக்கி ஒதைக்கிறதுக்கு நீ என்ன கழுதையாலே? நிக்கிற கால பந்துக்குப் பக்கத்துல வையி. அந்தக் காலு எங்க பாக்குதோ அங்கதான் பந்து போகும்" என்பான். கரிச்சாக்கு மூன்றை நட்டு வைத்து எதிராளி என்பான். பந்து வந்த வேகத்திலேயே அதைச் சாக்குக்கு அந்தப் பக்கம், ஆள் இல்லாத இடத்தில் இறக்க வேண்டும்.

ஆனால் காலைப் பழக்குவது லேசு. எப்போது கொடுப்பது, எப்போது அடிப்பது என்று முடிவெடுக்கப் பழக்குவதுதான் கஷ்டம். பயல்கள் பந்து கிடைத்ததும் குனிந்த தலை நிமிராமல் ஓடுவார்கள்.

அதற்கு அவன் லோடு ஏற்றுகிற இடத்திலிருந்து ஒரு வார்த்தையைக் கொண்டுவந்தான். லாரிக்குச் சாய்த்துப் போட்ட பலகையில் சாக்கோடு பாதி ஏறினவனுக்குக் கால் நடுங்கினால், மேலே நிற்பவன் "மாத்து!" என்பான். சொன்ன மாத்திரத்தில் சுமை அவன் தோளிலிருந்து இவன் தோளுக்குப் போய்விட வேண்டும். அதில் யோசிக்கிறதுக்கு ஒன்றும் இல்லை. யோசித்த வீரணன் என்கிறவன் கழுத்து ஒரு பக்கமாகக் கோணித்தான் இன்னும் இருக்கிறது. ஆகையால் அந்தச் சத்தம் கேட்டால் அங்கே எவனுக்கும் புத்திக்கு முந்தி உடம்பு கேட்கும்.

செல்வதுரை கண்மாயில் நின்று "மாத்து!" என்றான். பந்து உடனே கைமாறியது. ஒரே மாதத்தில் டீம் டீமாகிவிட்டது. அவனுக்கே ஆச்சரியம்.

ஆனால் அது தப்பு என்று ஆறு மாதத்தில் அவனுக்குத் தெரிந்துபோனது. அவன் வாயைப் பார்த்தே எல்லாரும் விளையாடினார்கள். ஒரு நாள் பயல்களை உட்கார வைத்துச் சொன்னான்.

"இன்னைலருந்து நான் வாயத் தெறக்க மாட்டேன்லே. நீங்களே பாக்கணும், நீங்களே முடிவு பண்ணணும்."

"நீங்க வாயத் தெறக்காம எப்பிடிண்ணே இருப்பீக? அண்ணியே சத்தியம் பண்ணுனாலும் நான் நம்ப மாட்டேன்" என்றான் உதயகுமார். பக்கத்துத் தெரு பலசரக்குக் கடைக்காரர் தங்கசாமியின் மகன். கடையில் உட்காரப் பிடிக்காமல் லோடு ஏற்ற வந்தவன்.

"நான் பேசுனா நீ என்னையக் கல்லக்கொண்டு எறி."

"பந்தயமா?"

"பந்தயம்."

அதற்குப் பிறகு வேறு பயிற்சி. ஒருவன் பந்தை வாங்க நிற்பான். செல்வதுரை அவன் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவான். பந்து காலுக்கு வருமுன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வாங்கினால் அந்தப் பந்து செல்லாது. "வாங்குன பெறகு பாக்குறவன் எதிராளியத்தான் பாப்பான். வாங்குறதுக்கு முந்தி பாக்குறவன் எடத்தப் பாப்பான்" என்பான்.

இதில் சாம்ராஜை அடிக்க ஆள் கிடையாது. பந்து வருவதற்குள் இரண்டு தடவை தலையைத் திருப்பி, "மூணு" என்பான், "இப்ப ரெண்டாக்கிட்டீக" என்பான். எதிராளி கால் எந்தப் பக்கம் ஊன்றுகிறதோ அதற்கு எதிர்ப் பக்கம் போவான். கீப்பர் முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பார்ப்பான். செல்வதுரை சொல்லிக் கொடுத்தது பத்து என்றால் அவன் பிடித்துக்கொண்டது பன்னிரண்டு. அக்காள் புருஷன் என்று மரியாதையாக, "மச்சான், இது சரியா?" என்று ஒவ்வொன்றுக்கும் வந்து கேட்பான். செல்வதுரைக்கு அதுதான் சம்பளம்.

வெறுங்காலோடு டோர்னமெண்டில் சேர்க்க மாட்டோம் என்று அருப்புக்கோட்டையில் சொல்லிவிட்டார்கள். சாம்ராஜ் தன் ஆடு மூன்றைத் திருச்சுழிச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்று வந்தான். பதினோரு ஜோடி பூட்ஸ், ஜோடி நூற்றுப் பத்து. ஒரு பந்து நூற்று முப்பது. கணக்கு அப்படியே சரியாக இருந்தது.

"யாரக் கேட்டுடா வித்த?" என்று சவுந்தரம் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆடு கிட்ட கேட்டேன்க்கா. சரின்னு தலையாட்டுச்சு."

"வாயப் பாரு. ஒங்க மச்சானுக்குத்தான் கிறுக்குன்னா ஒனக்குமா?"

செல்வதுரை கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதினான். "ஜெயிச்சா ஆயிரத்து ஐந்நூத்தியொண்ணு பரிசு மாப்ள. மொதக் காசு ஒனக்குத்தான்."

ஊர் வாய் சும்மா இருக்குமா? மச்சினன் ஆட்டை விற்று பூட்ஸ் போட்டவன் என்று டீக்கடையில் பேச்சு. முத்துத்தாய்க் கிழவி, "ஏம்ப்பா செல்வதொர, ஒன் பந்து என்னைக்குக் குட்டி போடும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பத்து மாதம் இந்தப் பேச்சு அவனை அரித்தது. சாம்ராஜ் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காததும் சேர்ந்து அரித்தது.

டோர்னமெண்டு கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் தொடங்கியது. கரிமூட்டை டீம் என்று மைக்கிலேயே சொல்லிச் சிரித்தார்கள். இரண்டு ஆட்டம் ஜெயித்த பிறகு சிரிப்பு நின்றது. பைனலுக்கு முந்தின நாள் ராஜகுரு என்கிறவர் செல்வதுரையைக் கூப்பிட்டு விட்டார். ஒரு நூல் மில்லில் ஆபீசர். மில் டீமுக்கு ஆள் எடுப்பது அவர் பொறுப்பு.

"ஒரு ஆளுக்கு எடம் இருக்கு. பெர்மனன்ட்டு. முன்னால ஆடுறவனா வேணும். நாளைக்குப் பாத்துட்டு முடிவு சொல்றேன்."

அன்றைக்கு வீட்டில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். சாம்ராஜ் உருட்டி உருட்டி வைத்தானே ஒழிய வாயில் போடவில்லை.

"தின்னுடா. களிய வச்சு கோலி வெளையாடிக்கிட்டு இருக்க" என்றாள் சவுந்தரம். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "தம்பிக்குக் கேட்ட பொண்ணு ஜாய்ஸோட அப்பாவப் பாத்தேன். மில்லு வேலைன்னு சபையில கல்யாண ஓலை வாசிக்கிறதுக்கு முந்தி சொல்லுங்க, பொண்ணத் தாரேன்னுட்டாரு" என்றாள்.

"கரி லோடுன்னா?"

"கரி லோடுன்னா எம்பொண்ணு தலையில நானே கரியள்ளிக் கொட்டுன மாதிரின்னாரு. எங்கிட்டயே சொல்றாரு மனுசன்."

சாம்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். மறுநாள் ஆட்டம் என்னவென்று மூன்று பேருக்கும் தெரியும்.

சந்தைத் திடலில் கூட்டம் கயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. ராஜகுரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர் டீம் டவுன் பயல்கள். ரெண்டு டீமும் ஒவ்வொரு கோல். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் சாம்ராஜ் நடுவில் பந்தை வாங்கினான். வாங்குமுன் இரண்டு தடவை தலையைத் திருப்பியதைச் செல்வதுரை பார்த்தான். ஒருத்தனைத் தாண்டினான். இரண்டாவது ஆள் இடது காலை ஊன்ற, அதற்கு எதிர்ப் பக்கமாக அவனைக் கடந்தான். மிச்சம் கீப்பர் மட்டும். வலப்பக்கம் உதயகுமார் ஆள் இல்லாமல் ஓடி வந்தான்.

கீப்பர் வெளியே வந்து உதயகுமாரையும் ஒரு கண் பார்த்து, அவன் வருகிற வலப்பக்கமே பாதத்தை அழுத்தி நின்றான். இடது மூலை கதவு திறந்த மாதிரி கிடந்தது. சாம்ராஜ் தலை நிமிர்ந்திருந்தது. நிற்கிற காலைப் பந்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். அந்தப் பாதம் இடது மூலையைப் பார்த்திருந்தது.

ஒரு வருஷமாக வாயைக் கட்டியிருந்த செல்வதுரைக்கு அந்த இடத்தில் என்ன நேர்ந்தது என்று அவனுக்கே தெரியாது. வேலை ஞாபகம் வரவில்லை. ஜாய்ஸ் ஞாபகம் வரவில்லை. ஆயிரத்து ஐந்நூற்றியொன்று என்கிற எண்தான் கண்ணில் நின்றது. அடித்தால் போகலாம், போகாமலும் இருக்கலாம். கொடுத்தால் நிச்சயம். "மாத்து!" என்று கத்திவிட்டான்.

சாம்ராஜின் வலது கால் வந்த வழியிலேயே சற்றுத் திரும்பியது. பந்து வலப்பக்கம் உருண்டது. உதயகுமார் சும்மா காலை வைத்தான். கோல்.

கூட்டம் உள்ளே பாய்ந்தது. யாரோ உதயகுமாரைத் தோளில் தூக்கினார்கள். தோளில் இருந்தபடி அவன், "அண்ணே! பேசிட்டீக! கல்லெடுக்கட்டுமா?" என்று கத்தினான்.

ராஜகுரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். "அந்தக் கடைசிக் கோல் போட்ட பையன் பேரு என்ன?"

"சார், அது குடுத்தவன்தான் சார். சாம்ராஜு. ரெண்டு ஆளத் தாண்டி..."

"பாத்தேன்யா. குடுக்குறவன் எங்ககிட்ட ஏழு பேரு இருக்கான். அடிக்கிறவன்தான் இல்ல. அடிக்க வேண்டிய எடத்துல அவன் குடுத்துட்டான் பாத்தியா?"

"அது நான் சொல்லித்தான் சார்" என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. நாலு பேர் நின்றார்கள், கப்பைக் கையில் கொடுத்தார்கள், மாலை போட்டார்கள். வந்த பேச்சு வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

பஸ் ஏறுமுன் சாம்ராஜ் குழாயடியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். செல்வதுரையைப் பார்த்ததும் எப்போதும்போல் கேட்டான்.

"மச்சான், நான் குடுத்தது சரிதான?"

"சரிதான் மாப்ள" என்றான் செல்வதுரை.

சாம்ராஜ் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தான். பிறகு பூட்ஸின் லேஸ் இரண்டையும் சேர்த்து முடிந்து, அவன் கையில் கொடுத்தான்.

பரிசுப் பணத்தில் ஆயிரத்து முந்நூற்று நாற்பதை எண்ணி நீட்டியபோது, "இருக்கட்டும் மச்சான்" என்றான். மறுவாரம் நீட்டினபோதும் அதே. மில் வேலை உதயகுமாருக்குப் போனது. சித்திரையில் ஜாய்ஸை மல்லாங்கிணற்றுப் பக்கம் ஒரு கடைக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஓலை வாசித்த ஞாயிறு சாம்ராஜ் கோயிலுக்கு வரவில்லை. வைகாசியில் கேரளாவுக்கு மரக்கடை லோடுக்குப் போய்விட்டான். அவன் போனதோடு டீம் உடைந்தது. மற்ற பயல்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். செல்வதுரை கண்மாய்ப் பக்கம் போகவில்லை. பந்து பரணில் கிடந்து தோல் வெடித்தது.

சாம்ராஜ் வருஷம் ஒரு தடவை கிறிஸ்துமஸுக்கு வருவான். அக்காள் வீட்டில் சாப்பிடுவான், அக்காள் பிள்ளைகளுக்குச் சட்டை கொண்டுவருவான். மச்சான் என்று மரியாதையில் ஒரு குறைவு கிடையாது. இது சரியா என்று மட்டும் அதற்குப் பிறகு அவன் கேட்டதே இல்லை. பெட்டியைத் திறந்தால், "இருக்கட்டும் மச்சான்" என்று எழுந்து போய்விடுவான். கல்யாணமும் இருக்கட்டும் என்றே போனது.

செல்வதுரை தனக்குத் தானே ஒரு சமாதானம் செய்து வைத்திருந்தான். அந்தக் கூட்டத்தில் நம் சத்தம் எங்கே கேட்டிருக்கும்? அவனே உதயகுமாரைப் பார்த்துத்தான் கொடுத்திருப்பான். பார்க்கப் பழக்கினது நாம்தானே. சாக்குத் தூக்கும்போதும், வேலியில் முள் வெட்டும்போதும் இதையே உருப்போடுவான். ஆனால் அந்தப் பாதம் இடது மூலையைப் பார்த்து நின்றது கண்ணை விட்டுப் போகாது. கேட்டுவிட்டால் தெரிந்துபோகும். கேட்கப் பயம்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் அந்த மில்லைப் பூட்டிவிட்டார்கள். உதயகுமார் திரும்ப வேப்பங்குளத்துக்கு வந்து கரி லோடுக்கு நின்றான். எட்டு வருஷம் நிழலில் வேலை பார்த்த உடம்பு, நாலு சாக்குக்கே மூச்சு வாங்கியது.

"பாத்தீகளா?" என்றாள் சவுந்தரம். "அந்த வேலையே இன்னைக்கு இல்ல. இனியாச்சும் எந்தம்பி மொகத்தப் பாத்து நாலு வார்த்த பேசுங்க. வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் எழவு வீட்டுக்கு வந்தவுக மாதிரி உக்காந்திருந்தா நான் யாருக்குன்னு பேச?"

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மத்தியானம். சவுந்தரம் மிச்சக் கறியைச் சுண்டவைத்து, சோளச் சோற்றில் ஊற்றினாள். சாம்ராஜ் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். முப்பத்தொரு வயதில் மீசையில் ஒன்றிரண்டு நரை.

செல்வதுரைதான் பேச்சை ஆரம்பித்தான். "மில்லப் பூட்டிட்டான் மாப்ள. தெரியும்ல?"

"உதயன் சொன்னான்."

"அதான். போயிருந்தாலும் இன்னைக்கு நீயும் வெளியிலதான்."

சாம்ராஜ் எலும்பை உறிஞ்சி முடித்து, ஓரமாக வைத்தான். "எட்டு வருசம் சம்பளம் வாங்கிட்டான்ல மச்சான். ரெண்டு ரூம்பு போட்டு மச்சு வீடு கட்டிட்டான். புள்ள இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துக்குப் போகுது. அதெல்லாம் பூட்டுனதோட திரும்பியா போயிரும்?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. விலை சொல்கிறவன் போலச் சொன்னான். சவுந்தரம் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். மைத்துனன் முகத்தைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டு செல்வதுரை கேட்டான்.

"அன்னைக்கு நான் கத்துனது ஒனக்குக் கேட்டுச்சா?"

சாம்ராஜ் கையை உதறிவிட்டு நிமிர்ந்தான்.

"கேட்டுச்சு மச்சான்."

"நீயா உதயனப் பாத்துக் குடுக்கலயா?"

"உதயனப் பாத்தேன். வாங்குறதுக்கு முந்தியே பாத்துட்டேன். கீப்பரு பாதத்தையும் பாத்தேன். எடது மூல தெறந்து கெடந்துச்சு. காலக்கூட வச்சுட்டேன். அடிக்கிறதுன்னு முடிவு பண்ணியாச்சு. ஒங்க சத்தம் வந்துச்சு. காலு கேக்கல மச்சான், தோளு கேட்டுருச்சு. சாக்கு தூக்குன தோளுல்ல. மாத்திருச்சு."

"போயிருக்குமா?"

"போயிருக்கும்."

சவுந்தரம் கரண்டியைச் சட்டிக்குள் வைத்த சத்தம் கேட்டது.

"இத அன்னைக்கே சொல்லி என்னைய நாலு வையிறதுதான மாப்ள? எட்டு வருசம்..."

"நான் எதுக்கு வைய? குழாயடியில ஒங்கள்ட்ட கேட்டேன்ல, சரிதானன்னு. நீங்களா சொல்லுவீகன்னு இருந்தேன். இல்ல மாப்ள, நான் கத்திருக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்த. அம்புட்டுத்தான். அந்த வார்த்தை வரட்டும்னு காசத் தொடாம இருந்தேன். வாங்கிட்டா அதோட சரியாப் போச்சுன்னுல்ல ஆயிரும்."

செல்வதுரை வாயைத் திறந்தான். எட்டு வருஷம் உள்ளே கிடந்த வார்த்தை, ஈரம் காயாத விறகு மாதிரி புகைந்துதான் வந்தது.

"கத்திருக்கக் கூடாது மாப்ள. ஆட்டுக் காசு கண்ண மறைச்சிருச்சு. ஒன் ஆட்டுக் காசுதான்."

"தெரியும் மச்சான்" என்றான் சாம்ராஜ்.

எழுந்து போய்க் கை கழுவினான். துண்டில் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"அந்தக் காச எடுங்க."

செல்வதுரை பெட்டியைத் திறந்தான். வேதாகமத்தைத் தூக்கி, கட்டை எடுத்தான். நோட்டுகளில் பாச்சா உருண்டை வாசம். "வட்டி போட்டுத் தாரேன் மாப்ள. நாளைக்கு..."

"வட்டி யாரு கேட்டா? அசலுக்குத்தான் வந்திருக்கேன்." சாம்ராஜ் நின்றபடி எண்ணினான். ஆயிரத்து முந்நூற்று நாற்பது. சரியாக இருந்தது. "அன்னைக்கு மூணு ஆடு. இன்னைக்கு இதுக்கு ஒண்ணற ஆடு வந்தாப் பெருசு. அக்கா, அரை ஆட்ட எங்கக்கா கட்டுறது?"

"எங்கழுத்துல கட்டு" என்றாள் சவுந்தரம். முந்தானையால் கண்ணையும் மூக்கையும் சேர்த்துத் துடைத்தாள்.

மூன்று மணி பஸ்ஸுக்கு அவன் கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டும்போது, "வாரேன் மச்சான்" என்றான். எப்போதும் சொல்வதுதான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வருவானா என்று செல்வதுரையால் கேட்க முடியவில்லை. இனி அவன் வந்துதான் ஆக வேண்டும் என்பதற்கு இந்த வீட்டில் ஒன்றும் பாக்கி இல்லை.

பஸ்ஸின் தூசி அடங்கின பிறகு உள்ளே வந்தான். உள்ளங்கையில் தண்ணீரைத் தொட்டுச் சுவரில் எண்ணைத் தேய்த்தான். புதுச் சுண்ணாம்பில் கரி கலைந்து, நாலு எண்ணும் ஒன்றாகி, கையகலத்துக்குச் சாம்பலாகப் பரவியது. தேய்க்கத் தேய்க்கப் பரவியது.

"விடுங்க" என்றாள் சவுந்தரம், எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே. "அடுத்த வெள்ளையடிப்புக்குப் போயிரும். நீங்க மேல எழுதாம இருந்தாச் சரி."